இன்னா சத்தம்?

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் எழுதியும் இருந்திருக்கும். ஆனால் வில்லியனூரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இன்னா சத்தம் மேஸ்திரி எங்க?" என்றால் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கீற்றுக் கொட்டகையைக் கைகாட்டுவார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் ஜீப்பாக இருந்தாலும் சரி, கரும்பு ஏற்றுகிற டிராக்டராக இருந்தாலும் சரி, கொண்டுபோய் நிறுத்தியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். இன்னா சத்தம்?

அதற்கு வார்த்தையால் பதில் சொல்லக் கூடாது. "முன்பக்கம் ஏதோ இடிக்கிற மாதிரி இருக்கு மேஸ்திரி" என்று ஆரம்பித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "அது உன் அபிப்பிராயம்டா. வண்டி இன்னா சொல்லிச்சி? அத வாயால செஞ்சி காட்டு" என்பார். வண்டி போட்ட சத்தத்தை நாம் போட வேண்டும். போடும்வரை ஸ்பானரைத் தொட மாட்டார்.

ஒரு தடவை ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். ஆள் ஆறடி. ஜீப்பின் முன்பக்கம் அணில் மாதிரி கத்துகிறதாம். "அணிலு எப்படிங்க கத்திச்சி?" என்று மேஸ்திரி பணிவாகக் கேட்டார். அந்த ஆறடி மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு "கீச்" என்றார். "இன்னும் கொஞ்சம் சன்னமா வருமா?" என்றார் மேஸ்திரி. பின்னால் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்களும் அவசரமாகத் தண்டவாளத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். அதிகாரி சன்னமாக மூன்று தரம் கத்திக் காட்டினார். அரை மணி நேரத்தில் ஜீப் சரியாயிற்று. போகும்போது அவரே சிரித்துவிட்டார்.

நான் அப்போது லாரி டிரைவர். எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தெட்டு வயது. வாய் என் வயதைவிடப் பெரியது. கடைத்தெருவில் மீன் மண்டி வைத்திருந்த ஒரு பாயிடம் வேலை. பாய் மிலிட்டரி ஏலத்தில் ஒரு ஃபோர் வீல் லாரி எடுத்திருந்தார். மற்ற லாரிகளுக்குப் பின் சக்கரம்தான் தள்ளும். இதில் ஒரு கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வீராம்பட்டினத்தில் கட்டுமரம் கரையேறுகிற இடத்துக்கே போய் மீனை ஏற்றிவர அந்த ஒரு வண்டியால்தான் முடிந்தது. மற்ற வியாபாரிகளின் வண்டியெல்லாம் ரோட்டோடு நிற்க, நான் மட்டும் மணலில் இறங்கிப் போவேன். அப்போது எனக்கு வந்த மிதப்பைச் சொல்லி மாளாது.

முதல் தடவை நான் மேஸ்திரியிடம் போனபோது எனக்கும் கௌரவம் தடுத்தது. ஒருவழியாக முணுமுணுப்பாக "டொக்" என்றேன். எப்போது டொக்கு, கிளம்பும்போதா, ஒடிக்கும்போதா, பின்னால் வரும்போதா என்று கேட்டார். பின்னால் வந்து நிறுத்தி, மறுபடி முன்னால் எடுக்கும்போது என்றேன். அப்படியே செய்து காட்டச் சொன்னார். மூன்றாவது தடவை 'டொக்' ஜோராக வந்துவிட்டது. அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"கார்தான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "கார் இல்ல மேஸ்திரி, லாரி. கண்ணத் தொறந்து பாருங்க" என்றேன்.

"லாரிதான்டா. லாரியில கார்தான்."

"லாரி எப்படிங்க காராவும்?"

அவர் வாயில் இருந்த வெற்றிலைச் சாறு என் சட்டைமேல் தெறிக்கிற அளவுக்குச் சிரித்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் புதுச்சேரி சர்க்கார் கராஜில் தொழில் கற்றவர் அவர். ஸ்டீரிங்கை வொலான் என்பார். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளத் தண்டின் இரண்டு முனையிலும் ஒரு மூட்டு இருக்கும். நம் மணிக்கட்டு மாதிரி மடங்கிக்கொண்டே சுற்றும். நாங்கள் அதைக் கிராஸ் என்போம். பிரெஞ்சில் அதற்குப் பெயர் கார்தான். கடலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அந்த ஒரு வருஷம் முழுக்க என்னைக் கண்டால் "லாரி எப்படிங்க காராவும்?" என்று என் குரலிலேயே கேட்பார். கோபம் கோபமாக வரும். நானும் பிறகு அந்த வார்த்தைக்குப் பழகிப்போனேன்.

காதால் கேட்டுவிட்டதற்காக அவர் நம்பிவிடவும் மாட்டார். அறுவடை முடிந்த வயலுக்கு வண்டியை விடச் சொல்வார். மட்கார்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, வொலானை முழுசாக ஒடித்து வட்டம் போடச் சொல்வார். வட்டத்தில் மட்டும் டக்டக் என்றால் சக்கரத்தின் ஓரத்து மூட்டு. நேராகப் போகும்போது சீட்டோடு சேர்ந்து நாமும் நடுங்கினால் தண்டு வளைந்திருக்கிறது. பிறகு அடியில் புகுந்து, தண்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்ப்பார். ஒருநாள் என்னையும் உள்ளே இழுத்து மூட்டின் விளிம்பைக் காட்டினார். செக்கச் செவேலென்று பொடி கசிந்திருந்தது. உள்ளே கிரீஸ் வற்றி, இரும்பு இரும்பைத் தின்கிற துரு.

"பாத்தியா, குங்குமம் வெச்சிக்கினு இருக்கு. பொம்பள வெச்சிக்கினா மங்களம். கார்தான் வெச்சிக்கினா கருமாதி" என்றார்.

தண்டைக் கழற்றுவதற்கு முன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து இரண்டு பாதியிலும் ஒரு கோடு இழுத்துவிடுவார். கழற்றின மாதிரியே மாட்ட வேண்டும், ஒரு பல் தள்ளிப் போனாலும் வண்டி பேய் பிடித்து ஆடும் என்பார். கை முழுக்கக் கிரீஸாக இருந்தாலும் மீசையில் மட்டும் ஒரு பொட்டுப் பட விடமாட்டார். முறுக்கி, விளக்கெண்ணெய் தடவி, பிள்ளை மாதிரி வளர்த்த மீசை.

பாய்க்கும் அவருக்கும் ஆகாது. ஆகாது என்றால், ஒருவரை ஒருவர் தினம் விசாரிக்காமல் இருக்க முடியாத ஆகாமை. பாய் பெரிய மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, வெள்ளைக் குல்லா. இரைந்து பேசி யாரும் கேட்டதில்லை. அவரிடமும் மேஸ்திரி அதே கேள்வியைக் கேட்டார். "கத்திக் காட்ட நான் ஆடா மாடா?" என்று சொல்லிவிட்டு பாய் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். அன்றைக்கு மேஸ்திரி கொட்டகையில் பத்துப் பேர் நடுவில் சபதம் போட்டார். பாய் வாயைத் திறந்து ஒரே ஒரு சத்தம் போடட்டும், நான் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று. யாரோ போய் பாயிடம் சொன்னார்கள். அப்படியானால் அந்த மீசை கபர்க்குழி வரைக்கும் பத்திரம் என்று பாய் சொல்லி அனுப்பினார்.

இனி என் திருட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

அது கவலை மீன் சீசன். பாய் என்னைக் கூப்பிட்டு, சீசனில் வண்டி ஒரு நாள் நின்றாலும் இதை விற்றுவிட்டு இரண்டு மாட்டு வண்டி வாங்கிவிடுவேன், மாடு சத்தம் போட்டால் வைக்கோல் போட்டால் போதும் என்றார். விளையாட்டாகச் சொல்கிறவர் இல்லை அவர். மாட்டு வண்டிக்கு டிரைவர் எதற்கு? என் கையில் இருக்கிறவரை வண்டி நிற்காது பாய் என்று மார்தட்டிவிட்டு வந்தேன். மறுவாரமே ஃபோர் வீல் போட்டால் 'கீச் கீச்' என்று ஆரம்பித்தது. இரண்டு நாளில் 'டொக்'கும் சேர்ந்துகொண்டது. மேஸ்திரியிடம் போனால் வண்டியை விட்டுவிட்டுப் போ என்பார். எனவே போகவில்லை.

ஆனால் விதி டயருக்குக் காற்றடிக்க அந்தக் கொட்டகை வாசலில்தான் நிறுத்த வைத்தது. வண்டியில் அஞ்சலை அக்கா இருந்தார். வீராம்பட்டினத்து மீன்காரி. தினமும் என் வண்டியில்தான் கூடையோடு வில்லியனூர் சந்தைக்கு வருவார். மேஸ்திரி வழக்கம்போலக் கேட்டார். நான் பூனைக்குட்டி மாதிரி "கீச்" என்றேன், அவ்வளவுதான் என்றேன். அஞ்சலை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அது இன்னா தம்பி அவ்ளோ மரியாதையா கத்துற? வண்டி அப்டியா கத்திச்சி?" என்று சொல்லி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, கீச்சு கீச்சு டொக்கு என்று அச்சு அசலாகப் போட்டார். டொக்குக்குத் தோளையும் ஆட்டினார். அது கூடை உருளுகிற சத்தம் மேஸ்திரி என்று நான் கூசாமல் சொன்னேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்கு மீன் வாங்க வேண்டும், நாளைக்கு உன் வண்டியில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பாயின் அக்கா மகனுக்குக் கல்யாணம். கல்யாணம் நிற்காது, மீனும் நிற்காது, நீ போ என்றார் பாய். விடியக் காலையில் மேஸ்திரி ஒரு துணிப்பையோடு வந்து ஏறினார். மீன் வாங்குகிற பைக்குள் ஸ்பானர் கிலுங்கியது. நான் வண்டியைக் கிளப்பினேன்.

கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. ஈர மணல் கெட்டியாக இருக்கவே வழக்கத்தைவிடக் கீழே இறங்கி நிறுத்தினேன். அறுபது கூடைக்கு மேல் ஏற்றினார்கள். வண்டி நிறையக் கவலை. ஃபோர் வீல் போட்டு, மேட்டுப் பக்கம் ஒடித்து ஏற்றினேன். கீச் கீச் கீச் என்றது. அடுத்தது டொக் இல்லை, படார். முன் தண்டு ஒரு முனை பிய்ந்து மணலில் ஊன்றிக்கொண்டது. பின் சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றி அச்சு வரைக்கும் புதைந்தன.

கூடைகளை எல்லாம் இறக்கினோம். பனை மட்டை போட்டுப் பார்த்தோம். முப்பது பேர் கயிறு கட்டி இழுத்தும் அது அசையவில்லை. அஞ்சலை அக்கா கடலைப் பார்த்துவிட்டு, உச்சி வேளைக்குத் தண்ணி இந்த மேடு வரைக்கும் ஏறும், அதுக்குள்ள எடுக்கலைன்னா வண்டிய அம்மாதான் காப்பாத்தணும் என்று செங்கழுநீர் அம்மன் கோயில் பக்கம் கும்பிட்டார். உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான். அதோடு என் பிழைப்பும் போயிற்று.

மேஸ்திரி அடியில் கிடந்தார். நான் குனிந்து, நேற்று நான் சொன்னது பொய் மேஸ்திரி என்றேன்.

"தெரியும்டா. உன் கீச்சுல உசுரே இல்ல. ஆனா நாலு நாள் தாங்கும்னு நெனச்சேன் பாரு, என் காதும் பொய் சொல்லிடுச்சி" என்றார். பிறகு, மூட்டு ஒன்று புதிதாகத் தன் கொட்டகையில் இருக்கிறது, அது வந்தால் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம், பாய்க்குப் போன் போட்டு உடனே அனுப்பச் சொல் என்றார்.

ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு அரியாங்குப்பம் ஐஸ் கம்பெனிக்குப் பறந்தேன். போன் கரகரவென்று இரைந்தது. மறுமுனையில் கல்யாணக் கூச்சல் வேறு. "பாய், வண்டி கடலோரத்துல மாட்டிக்கிச்சி. மேஸ்திரி அடியில இருக்காரு. உடனே கார்தான் வேணுமாம்" என்று கத்தினேன்.

"கார்தானா?" என்றார் பாய். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"ஆமா பாய், கார்தான். சீக்கிரம் அனுப்புங்க, நேரமில்ல."

போன் வைக்கப்பட்டது. எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, தோப்பு வழியாக மல்லிகைச் சரம் தொங்க ஒரு பிளசர் கார் ஆடி ஆடி வந்தது. மாப்பிள்ளைக்காக ஜோடித்த கார். நிற்கிறதற்கு முன்னாலேயே பாய் குதித்தார். குல்லா கோணலாக இருந்தது. காலில் செருப்பு இல்லை. பின் சீட்டில் இரண்டு தலையணை, ஒரு கூஜா தண்ணீர், நாஷ்டா சாப்பிட்ட கையைக் கழுவக்கூட விடாமல் இழுத்துவரப்பட்ட ஒரு கம்பவுண்டர். பாய் மணலில் தடுக்கித் தடுக்கி ஓடிவந்து, லாரிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலையும் பார்த்துவிட்டு, "மேஸ்திரி..." என்று உட்கார்ந்துவிட்டார்.

கால்கள் அசைந்தன. மேஸ்திரி வெளியே ஊர்ந்து வந்து, முகத்து மணலைத் துடைத்தார். "வந்துட்டீங்களா பாய்? கார்தான் எங்க?" என்றார்.

பாய் பின்னால் கைகாட்டினார். "அதோ நிக்குதே, கார்தான்."

மேஸ்திரி காரைப் பார்த்தார், மல்லிகையைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டேன். வண்டி மேஸ்திரிமேல் இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி ஆகாது, கார்தான் வேண்டும் என்று பாய் புரிந்துகொண்டிருக்கிறார். அது எனக்கே அப்போதுதான் உறைத்தது. மேஸ்திரி சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பாயின் தோளைப் பிடித்து எழுப்பினார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாக விழுந்தன. பாய் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

பிறகு மேஸ்திரி நிதானமாகச் சொன்னார். "கொட்டகையில ரெண்டாவது கம்பம், ஆணியில சாக்கு தொங்குது பாய். அதுக்குள்ள சிலுவை மாதிரி ஒண்ணு இருக்கும். நாலு முனையிலயும் குல்லா போட்டிருக்கும்." பாய் தன் குல்லாவைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு காரில் ஏறினார். நான் போகிறேன் என்றதற்கு, நீ பேசினது போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தப்பாகப் போன அந்தக் காரே நல்லதாகப் போயிற்று. சைக்கிளிலோ பஸ்ஸிலோ யாராவது அந்தக் கார்தானைக் கொண்டுவந்திருந்தால் உச்சி தாண்டியிருக்கும். பாய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். அதற்குள் ஊர் ஜனம் பின் சக்கரத்தைச் சுற்றி மணல் கரை கட்டியிருந்தது. அலை அதை நக்கி நக்கிக் கரைத்தது. அஞ்சலை அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, தேர் இழுக்கிற நாளில் நிற்கிற மாதிரி நின்று எல்லாரையும் விரட்டினார். கணுக்கால் தண்ணீர் வருகிற நேரத்திலும் மேஸ்திரி சுண்ணாம்பு கேட்டார். அக்கா சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கோட்டோடு கோடு சேர்த்துத் தண்டை மாட்டி, கடைசி போல்ட்டை இறுக்கும்போது அலை அவர் முதுகில் அடித்தது.

"எடுறா" என்றார்.

ஃபோர் வீல் போட்டேன். முப்பது பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். முன் சக்கரம் ஒரு கை மணலை அள்ளி எறிந்தது, அடுத்த கையில் பிடித்துக்கொண்டது. கீச்சும் இல்லை, டொக்கும் இல்லை. வண்டி பசுமாடு எழுந்திருக்கிற மாதிரி முதலில் பின்னால் அசைந்து, பிறகு மொத்தமாக எழுந்து மேட்டில் ஏறிவிட்டது. என்ன கூச்சல், என்ன விசில்! எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. பல பேர் விழுந்து புரண்டு சிரித்தார்கள். கம்பவுண்டர்கூடக் கயிறு இழுத்திருந்தார். மாப்பிள்ளை நிக்காஹ்வுக்கு நடந்தே போனார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

நான் நேரே பாயிடம் போய், சத்தம் கேட்டும் மறைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். பாயின் முகம் இறுகியது. மாட்டு வண்டி இரண்டும் என் கண்முன் வந்து நின்றன. அவர் வாய் திறப்பதற்குள், வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த மேஸ்திரி கேட்டார்.

"அத வுடுங்க பாய். காலைல போன் வந்திச்சே. நான் செத்துட்டேன்னு நெனச்சீங்களே. அப்போ உள்ள இன்னா சத்தம்?"

பாய் என்னை மறந்துவிட்டார். வலது கையை மெல்ல நெஞ்சில், அந்த ஐந்து விரல் கறையின்மேல் வைத்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய மனிதர் வாயைத் திறந்தார்.

"டொக்" என்றார். "டொக்... டொக்... டொக்."

மேஸ்திரி தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஒண்ணும் பயமில்ல பாய்" என்றார். "கார்தான்."

லாரி மறுநாளும் வீராம்பட்டினம் போயிற்று, நான்தான் ஓட்டினேன். போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கொட்டகை வாசலில் முகச்சவரம் செய்த ஓர் ஆள் குந்தியிருந்தார். அந்த வழவழ மேலுதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு அவர் கேள்வி கேட்ட பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.